மேட்டு நிரை

என் பேத்திக்கு ஆறு வயது. பள்ளி விடுமுறை வந்தால் என் மகள் அவளை மலேசியாவின் பாலோவில் எங்களிடம் கொண்டுவந்து விடுவாள். துணிப்பை ஒன்று, புத்தகப்பை ஒன்று. துணிப்பையை மறந்தாலும் புத்தகப்பையை மறக்க மாட்டாள். போன தடவை வந்த பையில் ஓர் ஆந்தைக் கதை இருந்தது. கிறிஸ்டஃபர் டெனிஸ் எழுதி, அவரே படமும் வரைந்த ‘நைட் ஔல்’. 2022இல் அமெரிக்காவில் வந்த புத்தகம், அடுத்த ஆண்டே கால்டிகாட் கௌரவ விருது வாங்கியது. முட்டையை விட்டு வந்த நாள் முதலாக வீரனாக வேண்டும் என்று ஆசைப்படும் ஒரு குட்டி ஆந்தையின் கதை. வாள் அதற்குப் பாரம், பகலில் வேறு தூக்கம் சொக்குகிறது. கடைசியில் கோட்டை மதிலில் இராக்காவல் கிடைக்கிறது. ஆந்தைக்கு அதைவிடப் பொருத்தமான வேலை எது?

ஆங்கிலத்தில் ‘வீரன்’ என்ற சொல்லும் ‘இரவு’ என்ற சொல்லும் காதில் ஒன்றாகவே விழும். கதையின் வேடிக்கை பாதி அதில்தான். தமிழில் சொல்லப் போனால் அந்தப் பாதி போய்விடுகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழ்ப்பள்ளியில் பாடம் சொன்னவன் நான், அந்தச் சொல்லுக்கே திணறினேன். சதுரங்கத்தில் அதைக் குதிரை என்று சொல்லி முடித்துவிடுகிறோம். ஆந்தையைக் குதிரை என்று சொன்னால் பேத்தி சிரிப்பாள். போர்வீரன், சேவகன், மறவன் எல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு ‘காவல் வீரன்’ என்றேன். சொன்ன கணமே தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த பழைய லயத்துக்குப் பின்னால் அரசமரத்தடியில் வெள்ளைக் குதிரைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணில் வந்து நின்றார்.

“தாத்தா, இந்த ஆந்தை நெசமாவே காவல் காக்குமா?”

காக்கும். பாலோவைச் சுற்றி இப்போது எங்கு பார்த்தாலும் செம்பனை. செம்பனை இருந்தால் எலி இருக்கும். பழக்குலையைக் கடித்துத் தின்னும் எலிக்கு மருந்து வைத்து மாளாமல், கம்பத்தின் உச்சியில் மரப்பெட்டி பொருத்திக் கூகைகளைக் குடிவைக்கிறார்கள். ஓர் இணையும் அதன் குஞ்சுகளும் சேர்ந்து ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேல் எலிகளைத் தீர்த்துவிடும். சாயங்காலம் பேத்தியை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய் ஒரு பெட்டியைக் காட்டினேன். வெள்ளை முகம் ஒன்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது. ஆந்தை கத்தினால் சாவு என்று காதைப் பொத்திய என் அம்மா உயிரோடு இருந்திருந்தால், சம்பளமில்லாமல் வேலை செய்யும் இந்தக் காவல்காரரைப் பற்றி என்ன சொல்லியிருப்பாளோ.

அன்று இரவுதான் பேத்தி அந்தக் கேள்வியைக் கேட்டாள். நீங்க சின்ன வயசில வீரனா இருந்தீங்களா, டிராகனோடு சண்டை போட்டிருக்கீங்களா என்று. போட்டிருக்கிறேன் என்றேன். எத்தனை டிராகன்? பதினொன்று என்றேன். எண்ணிக்கை அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது எனக்கே அதிர்ச்சி.

1973. எனக்குப் பத்து வயது. பாலோ என்ற ஊர்ப்பெயரே பாலிலிருந்துதான் வந்தது என்று நம்பிக்கொண்டிருந்த வயது. சுற்றிலும் கித்தா என்று நாங்கள் சொல்லும் ரப்பர் மரம், விடிந்தால் பால்வெட்டு, மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுவை. வேறு எதிலிருந்து அந்தப் பெயர் வந்திருக்க முடியும்? அது மலாய்ப் பெயர் என்பது பிறகுதான் தெரிந்தது. க்ளுவாங்குக்கும் பெக்கோக்குக்கும் நடுவே இரயில் நின்று போகும் ஊர். எங்களுக்கு இரயில் என்பது மற்றவர்கள் எங்கோ போவதற்கானது.

அந்த வயதில் எனக்கு மூன்று வீரர்கள் இருந்தார்கள். முதலாமவர் லயத்துக்குப் பின்னால் இருந்த மதுரை வீரன். ஒரு கையில் அரிவாள், முறுக்கிய மீசை, இரண்டு பக்கமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். ஆண்டுக்கு ஒருமுறை சுருட்டும் சாராயமும் படைப்பார்கள். இரண்டாமவர் எம்.ஜி.ஆர். 1956இல் வந்த ‘மதுரை வீரன்’ படத்தைத் தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டபோது, திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இடது கையால் கத்தி வீசும் எம்.ஜி.ஆரைப் பார்த்தவன் நான். முன்பக்கத்தில் இடமில்லை. கதையின் முடிவில் வீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்குவார்கள். அந்த இடத்தில் நான் தூங்கிப்போயிருந்தேன். எனவே எனக்குத் தெரிந்த மதுரை வீரன் தோற்கவே இல்லை.

மூன்றாமவருக்குப் பெயர் கிடையாது. துரை பங்களாவில் வேலை செய்த அத்தை ஒருவர், அங்கே கழித்துப் போட்ட ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்றை எனக்குக் கொண்டுவந்து தந்தார். அட்டை இல்லை. கடைசி நாலைந்து பக்கமும் இல்லை. என் வயதுப் பையன் ஒருவன் வாளி மாதிரி ஒரு தொப்பியைக் கவிழ்த்துக்கொண்டு மரக்கத்தியோடு வீட்டை விட்டுப் புறப்படுகிறான். காடு, ஆறு, குகை. குகை வாசலில் பச்சையாகச் சுருண்டு கிடக்கிறது ஒன்று. பையன் கத்தியை ஓங்குகிறான். அதோடு புத்தகம் முடிந்துவிட்டது. எழுத்தைப் படிக்க எனக்கு ஆங்கிலம் போதாது, வீட்டில் யாருக்குமே தெரியாது. கிழிந்துபோன பக்கங்களை நானே இட்டுக்கட்டிக்கொண்டேன். வெட்டுவான், அது சாகும், எல்லாரும் கைதட்டுவார்கள். வேறு என்ன நடந்துவிடப் போகிறது?

வாளி வீட்டிலேயே இருந்தது. அப்பாவின் பால் வாளி. கவிழ்த்துக்கொண்டால் புளித்த பால் நாற்றம் மூக்கில் ஏறும், காது அடைக்கும், தன் மூச்சே தனக்குப் புயலாகக் கேட்கும். வாள்தான் இல்லை. அப்பாவின் பால்வெட்டு உளி சாக்குத் துண்டில் சுற்றி மூலையில் இருந்தது. அதைத் தொட்டால் கை முறியும் என்று வீட்டில் உத்தரவு. அப்பா விடியும் முன்னே எழுந்து பெயர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகிறவர், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மரக்கட்டையாகத் தூங்குவார். அந்த ஒரு மணி நேரம்தான் என் ராஜ்யம்.

கோயிலை அடுத்து இருந்த மரங்கள் மூணாம் லயத்துப் பாட்டிக்குப் பால்வெட்ட ஒதுக்கிய நிரை. வீட்டுக்குப் பக்கம், சமதரை, எல்லாரும் விரும்பும் நிரை. வயதானவர் என்பதால் அவருக்குக் கொடுத்திருந்தார்கள். பாட்டி என்று நாங்கள் சொன்னாலும் ஐம்பதுக்குமேல் ஒன்றிரண்டுதான் இருக்கும். புருஷன் இல்லை. மகன் ஒருவன் சின்னப் பையன். பால் எடுத்த பிறகு கோப்பைகளில் மிஞ்சும் ஒட்டுப்பாலை உருட்டிப் பந்தாக்கி எங்களுக்கு விளையாடக் கொடுப்பார். நல்ல மனுஷி என்று சொல்ல இது போதும்.

உளியை வாள் மாதிரி வீசினால் வெட்டாது. இரண்டு மரத்தில் அடித்துப் பார்த்தேன், பட்டை தெறித்ததே தவிரச் சண்டை மாதிரியே இல்லை. உளி இழுத்தால்தான் அறுக்கும். வெட்டுக்கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து கிடந்தது, பாதி திறந்த வாய் மாதிரி. அதுதான் அசுரனின் வாய் என்று முடிவு செய்தேன். வாயிலேயே உளியை வைத்து, இரண்டு கையாலும் அழுத்தி இழுத்தேன். வெள்ளையாகப் பால் பொங்கியது. உள்ளே ஈரமான மஞ்சள் கட்டை தெரிந்தது. என்ன ஆனந்தம்! பதினொரு மரம். ஒவ்வொன்றையும் முடித்துவிட்டு வாளிக்குள்ளிருந்து கத்தினேன், வாளிக்குள்ளேயே கைதட்டும் கேட்டது.

கித்தா மரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் நான் செய்தது என்ன என்று விளங்கும். பால் இருப்பது கட்டையில் இல்லை, பட்டையின் உட்புறத்தில். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லிய உயிர்த்தோல் ஒன்று இருக்கிறது, அதிலிருந்துதான் புதுப்பட்டை வளரும். உளி அதைத் தொடாமல், ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பட்டையை விட்டுவைத்துச் சீவ வேண்டும். தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும், மறுபடி அங்கே ஒழுங்காக வெட்ட முடியாது. மரத்தைக் காயப்படுத்தாமல் சீவிப் பால் எடுக்கும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியவர் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ஹென்றி ரிட்லி. கித்தா நடுங்கள் என்று போகிற இடமெல்லாம் சொன்னதால் அவருக்குப் ‘பைத்தியக்கார ரிட்லி’ என்றே பெயர். மலாயாவின் பணமெல்லாம் அந்த ஒரு மில்லிமீட்டர் பொறுமையில்தான் நின்றது. வெளிச்சம் வருவதற்கு முன், மரம் முறுக்கேறி இருக்கும் நேரத்தில், தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஐந்நூறு மரம்வரை அந்தப் பொறுமையோடு சீவுவார்கள். அப்பா ஒருமுறை சொன்னார், “மரத்துக்கு வலிக்காம வாங்கணும்டா, அது தெரிஞ்சவன்தான் வெட்டுக்காரன்.” நான் பதினொரு மரத்துக்கும் வலிக்க வலிக்க வாங்கியிருந்தேன்.

ஒரு நிரையை ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வெட்டுவார்கள். மறுநாள் பாட்டி வேறு நிரையில் இருந்தார். அன்றுதான் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் இந்த நிரையைச் சோதனை போட்டார். காயங்களில் பால் உறைந்து கறுத்துப்போயிருந்தது. காயம் வெட்டுக்கோட்டிலேயே இருந்ததால் வேறு யார்மீதும் சந்தேகம் வரவில்லை. முந்தின நாள் விடியலில் வெட்டியது யார்? பாட்டி.

மத்தியானம் ஸ்டோரில் பால் நிறுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் பையன்கள் வழக்கம்போல வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றோம். கணக்கு எழுதும் கிராணி பாட்டியைக் கூப்பிட்டார். பதினொரு மரம், கட்டை தெரிய வெட்டியிருக்கே, தூங்கிக்கிட்டா வெட்டுனே என்று கேட்டார். “நான் வெட்டலங்கய்யா” என்றார் பாட்டி. மண்டோர் சாட்சி சொன்னார். பாட்டி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டார். இடுப்புத் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழவில்லை, தூசியைத் துடைப்பதுபோலத்தான்.

“இருட்டுல தெரியாம வெட்டிட்டேன் போலங்கய்யா. கண்ணு போயிருச்சு போல” என்றார்.

அரைநாள் கூலியைப் பிடித்தார்கள். அதுகூடப் பெரிதில்லை. சமதரை நிரையைப் பிடுங்கி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். பாட்டிக்கு ஆற்றோரம் தாண்டி மேட்டு நிரை. ஏறி ஏறி வெட்டிவிட்டு, தோளில் வைக்கும் காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் பால் வாளியைத் தொங்கவிட்டு, சரிவில் கால் பதித்து இறங்கி வர வேண்டும். மழை பெய்தால் செம்மண் சோப்பாக வழுக்கும்.

நான் பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். ‘நான்தான்’ என்ற ஒரு சொல் வேண்டியிருந்தது. மதுரை வீரனும் எம்.ஜி.ஆரும் வாளிப் பையனும் எனக்குள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. எச்சில் விழுங்கினேன். கூட்டம் கலைந்தபோது நானும் கலைந்தேன். அவ்வளவுதான் என் வீரம்.

பிறகு வந்த நாட்களில் எனக்கு வலித்தது அரைநாள் கூலி இல்லை, ‘கண்ணு போயிருச்சு போல’ என்ற அந்த வார்த்தை. நான் செய்ததைத் தான் செய்ததாகப் பாட்டி நம்பிவிட்டார். வெட்டி முடித்த மரத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார் என்று அம்மா சொல்லிக் கேட்டேன். ஐந்நூறு மரத்தையும் தடவினால் வேலை என்னாவது? கடைசி ஆளாக ஸ்டோருக்கு வருவார். ஒட்டுப்பால் பந்து உருட்ட அவருக்கு நேரம் இல்லாமல் போனது. பந்து கிடைக்காத பையன்களில் நானும் ஒருவன், குறைபட்டுக்கொண்டவன்கூட.

பயிற்சிக் கல்லூரியில் படித்த நாட்களில் செர்வாண்டிஸின் ‘டான் குயிக்ஸோட்’டை ஆங்கிலச் சுருக்கத்தில் வாசித்தேன். 1605இல் வந்த கதை. வீரக் கதைகளாகப் படித்துப் புத்தி பேதலித்த கிழவர், நாவிதரின் பித்தளைத் தட்டைத் தலைக்கவசம் என்று பிடுங்கி மாட்டிக்கொள்வார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் புளித்த பால் வாசனை அடித்தது. காற்றாலையோடு சண்டை போட்டதைத்தான் உலகம் நினைவில் வைத்திருக்கிறது. அதற்கு முன்பே ஒரு சம்பவம் வரும். ஆட்டைத் தொலைத்ததற்காக ஒரு பையனை மரத்தில் கட்டி எசமான் அடிக்கிறான். கிழவர் வேலை நீட்டி அவனை விடுவித்துவிட்டு, நீதியை நிலைநாட்டிவிட்டேன் என்று குதிரையைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறார். அவர் தலை மறைந்ததும் எசமான் பையனை மறுபடி கட்டி, முன்பைவிட மோசமாக அடிக்கிறான். பிற்பாடு அந்தப் பையன் கிழவரைச் சந்திக்கும்போது, என்னைக் கண்டம் துண்டமாக வெட்டினாலும் இனி உதவிக்கு வந்துவிடாதீர்கள் என்கிறான். சாகசம் ஒருவருடையது, முதுகு இன்னொருவருடையது. அந்த அத்தியாயத்தை நான் இரண்டாம் முறை வாசித்ததில்லை.

சாகசத்தைப் பற்றிப் பாலோவின் பெரியவர்கள் பேசிக் கேட்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பேச அவர்களிடம் நிறைய இருந்திருக்கும். ஜப்பானியர் காலம் போய், 1948இலிருந்து 1960வரை அவசரகாலம். இந்தக் காடுகளில் கம்யூனிஸ்டுகளும் படையினரும் ஒருவரையொருவர் தேடித் திரிந்த ஆண்டுகள். எங்கள் ஊர்ப் பெயரிலேயே 2003இல் ஆட்மான் சாலே ஒரு மலாய்ப் படம் எடுத்தார், ஜப்பானியர் காலப் பாலோவைப் பற்றி. அப்பாவிடம் இதையெல்லாம் கேட்டால் “அப்ப கஷ்டம்டா” என்பார். மூன்று சொல் முழுதாகப் பேசினாலே அவருக்கு அது பிரசங்கம்.

பின்னாளில் தோட்டம் துண்டாடப்பட்டது. கித்தாவை வெட்டிச் சாய்த்துச் செம்பனை வைத்தார்கள். லயங்கள் காலியாயின. பாட்டி எப்போது இறந்தார் என்பது எனக்குத் தெரியாது. தொண்ணூறுகளில் க்ளுவாங்கில் ஒரு கல்யாணத்தில் அவர் மகனைப் பார்த்தேன். லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு, “வாங்க சார்” என்று கையைப் பிடித்துக்கொண்டார். வாத்தியாராகிவிட்டேன் அல்லவா. அம்மாவுக்குக் கடைசியில் கண் எப்படி இருந்தது என்று கேட்க வாய் எடுத்தேன். “சாப்பிட்டாச்சா?” என்று கேட்டேன். இரண்டாவது தடவையும் தப்பி ஓடினேன். பத்து வயதில் ஓடியதற்காவது வயதைச் சாக்குச் சொல்லலாம்.

வகுப்பில் இருந்த காலமெல்லாம் வீரக் கதைகளை நான் உற்சாகமாகச் சொல்லியிருக்கிறேன். கட்டபொம்மன், ஹங் துவா, வல்வில் ஓரி. தப்பு செய்துவிட்டு அடுத்தவன்மேல் பழி போட்ட பையன்களைக் கூப்பிட்டு ஒப்புக்கொள்ளச் சொல்லியும் இருக்கிறேன். ஒப்புக்கொண்டவர்களை நான் அடித்ததில்லை. கருணை என்று மற்ற ஆசிரியர்கள் நினைத்தார்கள். உண்மையில் அந்தப் பையன்களின் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

இதில் பாதியைத்தான் பேத்திக்குச் சொன்னேன். ஆறு வயதுக்குப் புரிகிற பாதி. ஆந்தைப் புத்தகம் அவள் மடியில் விரிந்திருந்தது. குட்டி ஆந்தையின் முன்னால் பெரிய டிராகன் வந்து நிற்கும் இடம். ஆந்தைக்கு நடுக்கம். கத்தியைத் தூக்கவில்லை. பேசுகிறது. பசிக்கிறதா என்பதுபோல் பீட்சாவை நீட்டுகிறது. கித்தாக் காட்டு வயதில் எனக்குக் கிழிந்து கிடைத்த அந்தக் கடைசிப் பக்கங்களிலும் இப்படி ஏதாவது இருந்ததா?

“அந்தப் பாட்டிக்கு நீங்க பீட்சா கொடுக்கலையா?”

“இல்லம்மா.”

“உங்க அப்பா கண்டுபிடிக்கலையா?”

“இல்லை” என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் நின்றுவிட்டது.

நான் அந்த மரங்களை வெட்டிய அன்று இரவு அப்பா உளி தீட்டினார். தினமும் தீட்டுகிறவர்தான், சாணைக்கல்லில் பத்து நிமிடம். அன்று வெகுநேரம் தீட்டினார். பாய்மேல் படுத்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சர்க், சர்க் என்று நிற்காமல். கட்டையில் பட்ட உளிக்கு முனை போயிருக்கும். தன் உளியை ஒரு வெட்டுக்காரனுக்குத் தெரியாதா? ஸ்டோரில் பாட்டி கையை விரித்துப் பார்த்தபோது வரிசையில் அப்பாவும் வாளியோடு நின்றுகொண்டுதானே இருந்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அப்பா மத்தியானத்தில் நேரங்கழித்தே வீட்டுக்கு வந்தார். தூக்கம் போயிற்று. அம்மா முணுமுணுப்பாள். தோளில் இரண்டு பக்கமும் காய்த்துப் போயிருந்ததைப் பார்த்திருக்கிறேன். தன் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு அப்பா மேட்டுக்கு நடப்பார், பாட்டியின் காண்டாவை வாங்கித் தன் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்குவார், பாட்டி பின்னால் வெறுங்கையோடு வருவார். தோட்டத்தில் எல்லாரும் பார்த்த காட்சி. பாவம், உதவி செய்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன், அறுபது வயது தாண்டி அந்த இரவு வரைக்கும். என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிராணியிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது அவர்மேல் கோபம்கூட வருகிறது. சொல்லியிருந்தால் என் கதி என்னாகியிருக்கும் என்றும் தோன்றுகிறது. காண்டாவைத் தூக்கினாரே தவிர, பாட்டியின் கண்ணை அவரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

பேத்திக்கு இதெல்லாம் எதற்கு? “தெரிஞ்சிருக்கும்” என்று மட்டும் சொன்னேன்.

புத்தகத்தை மூடிவிட்டுப் படுத்தாள். தூங்கிவிட்டாள் என்று விளக்கை அணைக்கப் போனபோது கேட்டாள்.

“தாத்தா, அந்தப் பாட்டி பேரு என்ன?”

மூணாம் லயத்துப் பாட்டி. அதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் இருந்திருக்கும், ஒவ்வொரு நாளும் கிராணி அதன் எதிரே கோடு போட்டிருப்பார், அந்த ஒருநாள் பாதிக் கோடு. ஆபீஸ் இருந்த இடத்தில் இப்போது செம்பனை நிற்கிறது. கேட்டுச் சொல்ல அம்மா இல்லை, அப்பா இல்லை. மகனின் முகம் நினைவிருக்கிறது, அவர் இருக்கும் ஊர் தெரியாது.

“தெரியலம்மா” என்றேன்.

“தெரியலைன்னா நாமளே ஒரு பேரு வச்சிரலாமே, தாத்தா.”

“வேணாம்மா. அவங்களுக்குப் பேரு இருந்துச்சு.”